தண்ணீர் லாரியும் ஆபீஸ் வேனும்

வண்டி நிறுத்த இடம் போதவில்லை என்று ஒரு மேலாளர் வந்து நின்றால், உடனே கொத்தனாரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். முதலில் அவரை உட்காரவைத்து ஒரு காபி வாங்கிக் கொடுங்கள். இத்தனை வண்டி ஏன் வருகிறது என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்காது. உங்களுக்கும் தெரிந்திருக்காது. நம் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நிர்வாகப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், ஊழியர்களின் போக்குவரத்தையும் சேர்த்துப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஆளுக்கொரு வண்டியில் வராமல் பஸ்ஸிலோ ரயிலிலோ சைக்கிளிலோ ஒரே வேனிலோ அவர்களை வரவைக்கத் திட்டம் போடுவதற்கு இப்போது பயிற்சி வகுப்பெல்லாம் இருக்கிறதாம். நான் செய்தபோது அந்த வேலைக்குப் பெயரே கிடையாது. எனக்குத்தான் ஒரு பெயர் வைத்திருந்தார்கள், "வேன் மேடம்" என்று. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். எனக்குப் பிடித்திருந்ததால் கேட்காததுபோல் இருந்துவிடுவேன்.

நான் சொல்வது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோயம்புத்தூர் முதலாளி ஒருவருடைய மோட்டார் பம்ப் கம்பெனியின் சென்னை அலுவலகத்தில் வேலை. தி.நகரில் பனகல் பூங்காவுக்குப் பக்கத்தில் இருந்தவரை போக்குவரத்து என்று ஒரு கவலையே எங்களுக்கு இருந்ததில்லை. மேற்கு மாம்பலத்து ஆட்கள் ரயில்வே மேம்பாலத்தில் ஏறி இறங்கி, ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நீந்தி, நடந்தே வந்துவிடுவார்கள். வரும் வழியில் காய்கறி வாங்கி மேசைக்கடியில் வைத்துவிட்டு, மாலையில் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. ஒரு சித்திரை மாதத்தில் அலுவலகத்தை அடையாறுக்கு மாற்றினார்கள். வந்தது வினை.

நடந்து வந்தவர்கள் எல்லாம் கடன் போட்டு ஸ்கூட்டர் வாங்கினார்கள். இரண்டு பஸ் மாறுவதற்குப் பயந்த பெண்கள் மொபெட் வாங்கினார்கள். அலுவலக வாசல் நிறைந்து, தெரு நிறைந்து, பக்கத்து வீட்டுப் பெரியவரின் கேட்டும் அடைபட்டது. அவர் தினமும் காலையில் பனியனோடு வெளியே வந்து எங்களை வாழ்த்திவிட்டுப் போவார். அந்த வாழ்த்துகளை இங்கே எழுத முடியாது.

எங்கள் பொது மேலாளர் கோவைக்காரர். நல்ல மனிதர், ஒரு பயத்தைத் தவிர. காலை ஒன்பது மணிக்கு முதலாளி கோவையிலிருந்து போன் செய்வார். அந்தப் போனை எடுக்க ஆள் இல்லையென்றால் அன்றைய தினம் எங்கள் மேலாளருக்கு விடியாது. மற்ற விஷயங்களில் தைரியசாலிதான். வண்டிப் பிரச்சினைக்கு அவர் ஒரே நாளில் முடிவு கண்டுவிட்டார். பின்பக்கத் தோட்டத்தில் இருக்கும் இரண்டு மாமரங்களையும் வெட்டிவிட்டு, தரைக்கு சிமெண்ட் போட்டு ஸ்டாண்டு கட்டுவது. நாங்கள் மதியம் உட்கார்ந்து சாப்பிடுவது அந்த மரத்தடியில்தான்.

நல்லவேளையாக, அளவெடுக்க வந்த கான்ட்ராக்டர் என்னைக் காப்பாற்றினார். "வேலைய ஆரம்பிக்கறதுக்குள்ள ஆடி பொறந்துடும் சார். ஆடியில கடக்கால் தோண்ட வேணாம். ஆவணியில வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த இடைவெளியை நான் பிடித்துக்கொண்டேன்.

"சார், ஆவணி வரைக்கும் வாடகைக்கு ஒரு வேன் குடுங்க. இந்த வண்டிங்கள்ல பாதியை நான் வீட்டிலேயே நிக்க வைக்கிறேன்."

"பாதியாவது நிக்குமுங்களா?" என்றார். "நிக்கலைன்னா மரத்தை வெட்டறப்போ நீங்க குறுக்க வரக் கூடாது. சரிங்களா?"

சரி என்றேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

வேன் ராயப்பேட்டையில் ஒரு ஷெட்டில் இருந்தது. ஓட்டுநர் தாஸும் அங்கேயே குடியிருந்தார். அதனால் ராயப்பேட்டையில் ஆள் ஏற்றிக்கொண்டு, தி.நகர், மேற்கு மாம்பலம் போய், சைதாப்பேட்டை வழியாக அடையாறு வந்து சேர்வது என்று வழி போட்டேன். தொடக்க நாளை மேலாளரே குறித்தார். வாரத்தின் முதல் நாள், திங்கட்கிழமை. தாஸ் வேனுக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, ஏழரை மணிக்கு ஜம்மென்று கிளப்பினார். ராயப்பேட்டையில் நான் ஏறினேன். வேறு யாரும் ஏறவில்லை. தி.நகரிலும் இல்லை. மேற்கு மாம்பலத்தில் எங்கள் ஆட்கள் நான்கு பேர் வேனுக்குக் கையசைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார்கள்.

"இன்னா மேடம், கல்யாண வண்டி மாதிரி சோடிச்சி, பொண்ணும் மாப்ளையும் இல்லாம இட்டுகினு போறேன்" என்றார் தாஸ்.

அலுவலக வாசலில் மேலாளர் காத்திருந்தார். மாலை போட்ட வேனிலிருந்து நான் ஒருத்தி இறங்கியதைப் பார்த்து, "உங்களுக்கு ஒருத்தருக்கு ஒரு சைக்கிள் போதுமேங்க மேடம்" என்றார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கணக்குப் பிரிவு ராஜகோபாலன், மேற்கு மாம்பலத்துக்காரர், பஸ்ஸில் வந்து இறங்கியவரைப் பிடித்து நிறுத்தினேன்.

"என்ன சார் இது, வரேன்னு தலையை ஆட்டினீங்களே."

"வரேன்னுதான் சொன்னேன். திங்கக்கிழமை ஏழரை ஒம்பது ராகுகாலம் இல்லையோ? புது வண்டில மொத மொத எப்படி ஏர்றது? நாளைக்குப் பாருங்கோ, இடம் இருக்காது."

மறுநாள் உண்மையிலேயே இடம் இல்லை. ராகுகாலம் அதன்பிறகும் தினம் ஒரு நேரத்தில் வந்து போய்க்கொண்டுதான் இருந்தது, யாரும் கவலைப்படவில்லை. முதல் முறை ஏறுவதற்கு மட்டும்தான் அது. மேலாளரும் வீட்டில் ராகுகாலம் பார்க்காமல் பெட்டியைத் தூக்காதவர். கம்பெனிக்கு அது கிடையாது என்று எப்படியோ நினைத்துவிட்டார். ஒரு திட்டத்தை அதன் முதல் நாள் கூட்டத்தை வைத்து எடை போடாதீர்கள். கூட்டம் வந்தாலும் அப்படித்தான், வராவிட்டாலும் அப்படித்தான்.

வேன் எல்லாருக்கும் உதவாது. மயிலாப்பூர், ராஜா அண்ணாமலைபுரம் பக்கத்து இளவட்டங்களுக்குச் சைக்கிளே போதும். ஆனால் அடையாறு பாலத்தைத் தாண்டி வேர்த்து வழிய வந்து நிற்க அவர்களுக்குக் கூச்சம். நானும் சைக்கிளின் பெருமையை வாய் வலிக்கச் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் மசியவில்லை. கடைசியில் பழைய சாமான் அறையை ஒழித்து, ஒரு குழாய், சட்டை மாட்ட ஆணிகள், ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடி வைத்தேன். அந்தக் கண்ணாடிதான் வேலை செய்தது. அதன் முன்னால் நின்று தலை வாருவதற்காகவே இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள் என்பது என் சந்தேகம். தபால் பிரிவில் இருந்த பெண் ஒருத்தியும் தன் பழைய பள்ளிக்கூட சைக்கிளைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டுப் பெரியவரின் கேட் திறக்க ஆரம்பித்தது. ஒரு நாள் அவர் சட்டை போட்டுக்கொண்டு வந்து எனக்கு வணக்கம் வைத்தார்.

வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில்தான் தாழி ஆட்டம் கண்டது.

வேன் சில நாட்களில் நேரத்துக்கு வந்தது, சில நாட்களில் தாமதமாக வந்தது. காரணம் யாரென்று விசாரிக்கவே வேண்டியிருக்கவில்லை. வேனில் இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள், குமுதா என்று. குமுதா எங்கள் டெலிபோன் ஆபரேட்டர். ராயப்பேட்டை மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடி வீட்டில் குடியிருந்தாள். கணவன் துறைமுகத்தில் ஷிப்டு வேலை, விடிவதற்கு முன்பே போய்விடுவான். மாமியாருக்கு முட்டிவலி, படி ஏறி இறங்க முடியாது. வேன் அவளுக்காக நிற்கும், மேற்கு மாம்பலத்துக்காரர்கள் ரோட்டில் நிற்பார்கள், அடையாறில் முதலாளியின் போன் தனியாக அடித்துக்கொண்டிருக்கும்.

கேட்டால் ஒரு நாள் தலைவலி என்பாள். ஒரு நாள் மாமியாருக்கு மருந்து என்பாள். இன்னொரு நாள் கரண்ட் இல்லை என்றாள். கரண்டுக்கும் வேனுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை.

மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "ரெண்டு நிமிஷத்துக்கு மேல வேன் யாருக்காகவும் நிக்கக் கூடாதுங்க. ஆபரேட்டருக்கு அடையாறுலயே இருக்கற ஆளாப் பாக்கச் சொல்லிப்போட்டாரு ஐயா. ஆடி முடியறதோட இந்தப் பொண்ணை அனுப்பிடலாம்."

"சார், ஏழு வருஷமா இருக்கா."

"எனக்கு மட்டும் இஷ்டமுங்களா? ஒம்போது மணிக்கு அந்தப் போனை யார் எடுக்கறது?"

அவள் சம்பளம் இல்லாவிட்டால் அந்த வீட்டு அடுப்பு பாதிதான் எரியும். எனக்கு அது தெரியும். என் வேனை வைத்துக்கொண்டுதான் அவளை வெளியே தள்ளுகிறார்கள் என்பதும் தெரிந்தது. பஸ்ஸில் வந்த காலத்தில் அவள் தாமதமாக வந்தால் அது அவள் பாடு, எப்படியோ சமாளித்தாள். வேனில் வந்ததும் ஊருக்கே அது தெரிந்துவிட்டது. நல்லது செய்யப் போய் ஒருத்தியின் வேலைக்கு உலை வைத்துவிட்டோமே என்று அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த முறை வேன் ராயப்பேட்டையில் நின்றபோது நான் உட்கார்ந்திருக்காமல் இறங்கிச் சந்துக்குள் போனேன். உள்ளே தண்ணீர் லாரி நின்றிருந்தது. முந்தின வருஷம் மழை பொய்த்து, ஊரே குடத்தோடு அலைந்துகொண்டிருந்தது. பச்சை, சிவப்பு, மஞ்சள் பிளாஸ்டிக் குடங்கள் சந்து முழுக்க வளைந்து வளைந்து வரிசையாக நின்றன. ஆபீஸுக்குக் கட்டிய புடவையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசையில் நின்றிருந்தாள் குமுதா. என்னைப் பார்த்ததும் கையிலிருந்த குடத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். குடத்தை எப்படி மறைப்பது?

"இதுக்குத்தான் தலைவலியா?"

"ஆபீஸ்ல போய் தண்ணிக்கு நின்னேன்னு எப்டி மேடம் சொல்றது? தலவலின்னா ஒரு மரியாத கீது." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "ஒரு நாள் வுட்டு ஒரு நாள் வருது. வர்ற அன்னிக்கு இந்த நேரத்துக்குத்தான் வருது. நான் புடிக்கலன்னா ரெண்டு நாளைக்கு வூட்ல குடிக்க ஒண்ணும் இல்ல. வெக்கமா கீது மேடம், பம்பு கம்பெனில வேல செஞ்சிகினு."

நான் வேனுக்குத் திரும்பி வந்தேன். உள்ளே இருந்தவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. மேற்கு மாம்பலத்திலும் ஆள் ஏறி முடிந்ததும் வேனின் நடுவில் நின்று சத்தமாகக் கேட்டேன்: "யார் யார் வீட்ல என்னிக்கு என்னிக்குத் தண்ணி வருது?"

பிறகு ஆரம்பித்தது பாருங்கள். ஒருத்தர் தெருவில் லாரி வருவதே இல்லையாம், அடுத்த தெருவில் போய்ச் சண்டை போட்டுப் பிடிக்கிறாராம். ஒரு பெண் வேனுக்கு ஓடி வரும் அவசரத்தில் குழாயை மூடாமலே வந்துவிட்டு, சாயங்காலம் வரை வேலையே ஓடாமல் இருந்திருக்கிறாள். ராஜகோபாலன் இருக்கையிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார்.

"எங்காத்துல அடிபம்ப்ல நான் அடிச்சுண்டே இருக்கேன், காத்துதான் வரது. ஆத்துக்காரி வாசல்ல நின்னுண்டு வேன் வந்துடுத்து வந்துடுத்துன்னு கத்தறா. பாதி வாளியோட ஓடி வரேன். இத யார்கிட்ட போய்ச் சொல்றது? கணக்குப் பிள்ளை தண்ணி இறைக்கறான்னு சொல்லமாட்டாளா?"

குமுதாவை முறைத்துக்கொண்டு வந்தவர்கள் எல்லாருக்கும் வீட்டுக்கு வீடு அதே வாசற்படிதான். எல்லாரும் தலைவலி, மருந்து, கரண்ட் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார்கள். அன்று அடையாறு வந்து சேரும்வரை வேனில் ஒரே சத்தம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏனென்றால் அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு விஷயம் காதில் விழுந்தது. ராயப்பேட்டையில் தண்ணீர் வருகிற நாளில் மேற்கு மாம்பலத்தில் வருவதில்லை. அங்கே வருகிற நாளில் இங்கே இல்லை.

அவ்வளவுதான். ராயப்பேட்டைத் தண்ணீர் நாளில் தாஸ் காலி வண்டியோடு நேரே மேற்கு மாம்பலம் போய், அங்கிருந்து தி.நகர், ராயப்பேட்டை என்று வந்து, மயிலாப்பூர் வழியாக அடையாறு வருவார். மாம்பலத்துத் தண்ணீர் நாளில் பழைய வழி. யாருக்குத் தண்ணீரோ அவர்கள் கடைசியில் ஏறுவார்கள். தாஸ் மட்டும், "எங்க கம்பெனி வண்டி தண்ணி லாரிக்கு மச்சான் மொற ஆயிடிச்சி" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதன்பிறகு வேன் தாமதமாகவில்லை. குமுதா மணி அடிப்பதற்கு முன்பே டெலிபோன் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். புள்ளிவிவரம் கேட்டுப் படிவம் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மனிதர்கள் வெட்கப்பட்டு மறைக்கிற காரணம் எந்தப் படிவத்திலும் வராது. நீங்களே இறங்கிச் சந்துக்குள் போக வேண்டும்.

மேலாளர் மட்டும் நம்பவில்லை. "ரெண்டு வாரம் எதுவுமே நல்லாத்தானுங்க ஓடும்" என்றார். ஆவணி நெருங்கிக்கொண்டிருந்தது. கான்ட்ராக்டர் இரண்டு முறை வந்து மாமரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். புது ஆபரேட்டராக ஒரு பெண்ணையும் பார்த்து வைத்திருந்தார்கள். "நானே ஒரு நாள் வேன்ல வர்றேன். அன்னைக்கு நேரத்துக்கு வந்துட்டா ஸ்டாண்டும் வேண்டாம், புது ஆளும் வேண்டாம். வரலைன்னா ரெண்டும் வேணுமுங்க" என்றார். அவர் தேர்ந்தெடுத்த நாள் ராயப்பேட்டைத் தண்ணீர் நாள்.

அன்று நான் தாஸோடு ஷெட்டிலிருந்தே கிளம்பிவிட்டேன். மேற்கு மாம்பலத்தில் எல்லாரும் நேரத்துக்கு ஏறினார்கள். தி.நகரில் மேலாளர் டை கட்டி, பாலிஷ் போட்ட ஷூவோடு ஏறி, முன்வரிசையில் உட்கார்ந்தார். ராஜகோபாலன் கண்ணை மூடி ஏதோ ஜபித்துக்கொண்டு வந்தார். ராயப்பேட்டையில் வேன் நின்றது. குமுதா அங்கே இல்லை.

நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். ஆடி மாதம் முழுவதும் ஒழுங்காக வந்த லாரி அன்றைக்கென்று பார்த்து தாமதமாக வந்திருந்தது. லாரிக்காரர் அப்போதுதான் குழாயை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். குமுதாவுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு வீட்டுக் குடங்கள். அவள் என்னைப் பார்த்தாள். "நீங்க போங்க மேடம். வேன் லேட்டாவ வேணாம். என் ஒருத்திக்காகப் பாத்தா எல்லாம் கெட்டுப்பூடும்" என்றாள். உண்மையாகவேதான் சொன்னாள். குரல் கூட உடையவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

திரும்பி வந்தேன். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு நிமிஷம் ஆச்சுங்க மேடம்."

தாஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எடுக்கட்டா மேடம்?"

எடுத்தால் நேரத்துக்குப் போய்விடலாம். மரம் பிழைக்கும், வேன் பிழைக்கும். ஆனால் ஆபரேட்டர் இல்லாத போர்டில் ஒன்பது மணிக்குப் போன் அடிக்கும், குமுதா போய்விடுவாள். நின்றால் எல்லாமே போகும். உங்களுக்கும் இப்படி ஒரு காலை வரும். அந்த நேரத்தில் எந்த விதியும் கைகொடுக்காது. இந்த வேலையை யாருக்காகச் செய்கிறோம் என்ற ஒன்றை மட்டும் நினைத்துப் பாருங்கள். நான் செய்தது சரியென்று அப்போது எனக்குத் தெரியாது. நிற்காமல் போனால் இனிமேல் அந்த வேனில் என்னால் உட்கார முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

"சாவிய எடுத்துப் பையில போடுங்க தாஸ்" என்றேன். "எல்லாரும் இறங்குங்க. சார், நீங்க உட்காருங்க. என்ன ஆனாலும் என்னைக் கேளுங்க."

சந்துக்குள் நாங்கள் திமுதிமுவென்று நுழைந்ததும் லாரி முன்னால் நின்றிருந்த ஒரு அம்மா இடுப்பில் கை வைத்தாள். "இன்னாம்மா, ஆபீஸ்காரங்க கும்பலா வந்து லைன ஒடைக்கிறீங்களா? எங்களுக்கெல்லாம் வேல வெட்டி இல்லியா?"

"உடைக்கலைம்மா. உங்க எல்லாருக்கும் தூக்கிக் குடுக்கறோம். உங்க முறை சீக்கிரம் முடிஞ்சா எங்க பொண்ணு முறை சீக்கிரம் வரும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தன் குடத்தை என்னிடம் நீட்டினாள்.

லாரியிலிருந்து சந்தின் இரண்டு பக்கமும் வரிசை கட்டி நின்றோம். நிறைந்த குடம் கை மாறி வீட்டுக்குப் போகும், காலிக் குடம் கை மாறி லாரிக்கு வரும். ஊர் கூடித் தேர் இழுத்த மாதிரி இருந்தது. ஒரு குடத்துக்கும் அடுத்த குடத்துக்கும் நடுவே குழாய் சும்மா நிற்கவே இல்லை. குமுதாவின் முறை வந்ததும் வரிசை அப்படியே திரும்பி, குறுகிய படிக்கட்டில் ஏறி மாடிக்குப் போனது. மேலே அவள் மாமியார் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு, "யாரு பெத்த புள்ளைங்களோ" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

படிக்கட்டின் நடுவில் நின்ற ராஜகோபாலனுக்கு மூச்சு வாங்கியது. வரிசை அங்கே தேங்கியது. "சித்த இருங்கோ, சித்த இருங்கோ" என்றார். அந்த இடைவெளியில் ஒரு கை நீண்டு அவரிடமிருந்து குடத்தை வாங்கியது. டை தோளின் மேல் தூக்கிப் போடப்பட்டிருந்தது. மேலாளர்.

குடத்தை எப்படிப் பிடிப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. மேலே கொடுக்கும்போது சாய்த்து, பாதித் தண்ணீரைத் தன் மேலேயே ஊற்றிக்கொண்டார். கீழேயிருந்து அந்த இடுப்பில் கை வைத்த அம்மா சத்தம் போட்டாள்: "யோவ் டை, தளும்பாம குடுய்யா. வூட்ல ஒரு நாளாவது தூக்கிக் கீறியா?"

"இல்லீங்கம்மா" என்றார் மேலாளர், மிகுந்த மரியாதையோடு. "இப்பத்தான் பழகறேனுங்க."

சந்தே சிரித்தது. தாஸ் சிரிப்பை அடக்க முடியாமல் குடத்தைக் கீழே வைத்துவிட்டார். எல்லாம் முடிந்தபோது அந்த அம்மாவே லாரிக்காரரை அதட்டி வண்டியை ஓரங்கட்ட வைத்து, எங்கள் வேனுக்கு வழிவிட்டாள். மாமியார் மாடியிலிருந்து காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். அதற்கு நேரமில்லை.

மயிலாப்பூரைத் தாண்டும்போது வேனில் இருந்தவர்கள் எல்லாரும் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார்கள். முதலில் இரண்டு பேர் சிரித்தார்கள், அப்புறம் மேலாளரின் முதுகைப் பார்த்து அடங்கிவிட்டார்கள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். குமுதா என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடையாறு பாலத்தில் ஏறும்போதே ஒன்பது தாண்டிவிட்டது. தோற்றுவிட்டோம் என்று நினைத்தேன். ஆனாலும் அந்தக் காலை எனக்குப் பிடித்திருந்தது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கேட்டிலேயே மாடியில் போன் அடிப்பது கேட்டது. குமுதா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறி ஓடினாள். மேலாளர் தன் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போய்க் கதவருகில் நின்றேன், என்ன ஆனாலும் என்னைக் கேளுங்கள் என்று சொன்னவள் ஆயிற்றே. அவர் மேசையில் மணி அடித்தது. குமுதா முதலாளியின் லைனைக் கொடுத்திருந்தாள். அந்தப் பக்கத்துச் சத்தம் எனக்கே கேட்டது.

"இல்லீங்கய்யா" என்றார் மேலாளர். ஈரச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. "ஆபரேட்டர் லேட் இல்லீங்க. நான் லேட்டுங்க. நானுந்தான் வேன்ல வந்தனுங்க." கொஞ்ச நேரம் கேட்டார். "தண்ணி தூக்கிட்டிருந்தேனுங்கய்யா. ஆமாங்க, நானேதான். கொடத்துல. மாடிப்படியில." மறுபடியும் கேட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "புது ஆள் வேண்டாமுங்க. இந்தப் பொண்ணே இருக்கட்டுங்க. வேனும் இருக்கட்டும். ஸ்டாண்டு கட்டற செலவுல இன்னொரு வேன்கூட விடலாமுங்க. நான் ஜவாப்தாரி."

அந்தப் பக்கத்துச் சத்தம் நின்றுவிட்டது. பிறகு முதலாளி ஏதோ ஒரு சின்னக் கேள்வி கேட்டார் போலிருக்கிறது. மேலாளர் விழித்தார். ரிசீவரைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்து, "எத்தனை கொடம் தூக்கினோம்னு ஐயா கேக்கறாருங்க" என்றார்.

எனக்கு எங்கே தெரியும்? நான் உதட்டைப் பிதுக்குவதற்குள் ரிசீவரிலிருந்து வேறொரு குரல் வந்தது. லைனைக் கொடுத்ததும் விலகிப் போயிருக்க வேண்டியவள், விலகாமல் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டிருந்தவள், பதில் தெரிந்த கேள்வி வந்ததும் தன்னை மறந்து வாயைத் திறந்துவிட்டாள்.

"எங்க வூட்டுக்குப் பதினெட்டு சார். தெருவுக்குக் கணக்கில்ல."

மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார். கோயம்புத்தூரில் முதலாளி சிரித்த சிரிப்பு, கதவருகில் நின்றிருந்த எனக்கும் கேட்டது.